செமியின் வலது மணிக்கட்டு: ஹென்டர்சனிலிருந்து மாங்கரேக்கு ஒரு சனிக்கிழமை

பென்ரோஸில் வேலை செய்த காலத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு சொன்னதைப் படித்துவிட்டு, வெஸ்ட்கேட்டில் புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, மாங்கரேப் பக்கம் சொஃப்ட்போல் ஆட்டம் பார்க்கப் போவதென்றால் எந்த வழி நல்லது? எந்த மாதம் போவது?" சொல்கிறேன். அந்த வழியால் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் சொல்லும்படியான பயணம் ஒன்றுதான். 1996 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. செமி திரும்பவும் பந்து போடுவானா மாட்டானா என்று பார்க்கப் போனோம்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் தட்டச்சு செய்கிறாள். ஆகவே தெருப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தப் பலகை எந்த மூலையில், எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்று கேளுங்கள், இப்போதும் சொல்வேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சொஃப்ட்போல் கிரிக்கெட் இல்லை. அமெரிக்கர்களின் பேஸ்போலுக்கு உறவு. பந்து போடுகிறவனைப் பிட்சர் என்பார்கள். அவன் கையை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்புக்குக் கீழே வைத்துப் பந்தை விடுவான். கிரிக்கெட்டில் ஐந்தாறு பேர் மாறி மாறிப் போடுவார்கள், ஒருவன் முடியாவிட்டால் இன்னொருவன். இங்கே அப்படியில்லை. நல்ல பிட்சர் ஒருவன் இருந்தால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவனேதான். அவன் இல்லாவிட்டால் மற்ற எட்டுப் பேரும் வெறுமனே நிற்க வேண்டியதுதான்.

எங்கள் பிட்சர் செமி. ரொங்கா என்ற தீவு நாட்டுப் பிள்ளை, அப்போது இருபத்தாறு வயது. நான் பெட்டி அடுக்கிய பென்ரோஸ் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சனிக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன். அடுத்த சனிக்கிழமை தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மைதானத்தில் இறக்கிவிட்டான். பிறகு நான் இரத்தினத்தைக் கூட்டிப்போனேன். இரத்தினம் என்னைப்போல யாழ்ப்பாணம், என்னைவிட எட்டு வயது இளமை, அதே களஞ்சியத்தில் வேலை. இரத்தினம் ரமேஷைக் கூட்டிவந்தான். ரமேஷ் சென்னைப் பிள்ளை, எஞ்சினியருக்குப் படித்தவன். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி எங்களோடு பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

வாரம் முழுக்க யெஸ், சொறி, தாங்க்யூ என்று மூன்று சொல்லோடு வாழ்ந்த எங்களுக்கு அந்த மைதானத்தில்தான் தொண்டையைத் திறக்க முடிந்தது. தமிழில் கத்தினோம். எல்லாரும் கத்துகிற இடத்தில் யார் எந்தப் பாஷையில் கத்துகிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்? "அடியடா செமி" என்று நாங்கள் கத்த, ரொங்காக்காரப் பிள்ளைகளும் "அடியடா செமி" என்று கத்தப் பழகிவிட்டார்கள். அவன் பந்து போடுகிறவன், அடிக்கிறவன் இல்லை என்று ரமேஷ் ஒவ்வொரு முறையும் திருத்துவான். யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் மார்ச் மாதம், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், ஒரு பந்தை விட்டதும் செமியின் கை தோளிலிருந்து தொங்கிப்போனது. பந்து, அடிக்கிறவனுக்குப் பின்னால் கட்டிய வலைக்கு மேலால் போய்க் கார் தரிப்பிடத்தில் விழுந்தது. அவன் மற்றக் கையால் வலது கையைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து வெளியே வந்தான்.

பிறகு குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அந்தத் தோளைப் பற்றிய கவலைதான். ஃபோர்க்லிஃப்ட்டில் இடது கை சக்கரத்துக்கு, வலது கை நெம்புகோலுக்கு. மே, ஜூன் மாதங்களில் செமி வண்டியை நிறுத்திவிட்டு, இடது கையைக் குறுக்கே நீட்டித்தான் நெம்புகோலை இழுத்தான். ஜூலைக் கடைசியில் வலது கையால் இழுக்கத் தொடங்கினான். அன்று மதியச் சாப்பாட்டு அறையில் இரத்தினம் எல்லாருக்கும் தன் வடையைப் பங்கிட்டான். ஆனால் தேநீர்க் கோப்பை வைத்த மேல்தட்டுக்கு அந்தக் கை போனதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. யாரையாவது எடுத்துத் தரச் சொல்வான். "எப்படியடா கை?" என்று கேட்டால் "குட், அங்கிள்" என்பான். முப்பது முறை கேட்டாலும் அதே குட்தான்.

அவனுக்கும் வேறு வழி இல்லை. செமியின் தகப்பனும் ஒரு காலத்தில் பிட்சர். பெரிய மனிதர், பெரிய உடம்பு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மடிப்புக் கதிரை கொண்டுவந்து, வலைக்கு நேர் பின்னால் போட்டு உட்காருவார். மகன் செப்டெம்பரில் திரும்புகிறான் என்று தேவாலயத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். செமி என்ன, அந்தத் தேவாலயத்தில் யாருமே அவருக்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

செப்டெம்பரில் இங்கே வசந்தம் என்று பெயர். ஒக்டோபரில் பருவம் தொடங்குமுன் கிளப்புகள் பயிற்சி ஆட்டங்கள் வைப்பார்கள். வெற்றி தோல்வி கணக்கில் சேராது. யாருக்குக் கை இருக்கிறது, யாருக்குக் கால் இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான். அந்தச் சனிக்கிழமை செமிக்கு.

காலை பத்து மணிக்கு ஹென்டர்சனிலிருந்து இரத்தினத்தின் காரில் வெளிக்கிட்டோம். விடியற்காலையிலிருந்து மழை. லிங்கன் வீதியால் மோட்டர்வேயில் ஏறி, கடல் சேற்றுக்கு நடுவால் போகும் பகுதிக்கு வந்தபோது கடல் வற்றியிருந்தது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறச் சேறு, அதில் ஒற்றைக் காலில் நிற்கும் பறவைகள். அதுவரை யாரும் கதைக்கவில்லை. வழமையாக அந்த இடத்துக்கு வருமுன் இரத்தினமும் ரமேஷும் இரண்டு சண்டை முடித்திருப்பார்கள்.

"அண்ணே, ஒரு மேட்சுக்கு நூறு பால்னு வச்சுக்குங்க," என்றான் பின் சீட்டிலிருந்து ரமேஷ். "ஆறு மாசம் சும்மா இருந்த கை. இன்னிக்கு இருபது பால்தான் போடணும். கோச்சுக்கு யாராவது சொல்லணும்."

"நீ போய்ச் சொல்லு. கால்குலேட்டரையும் கொண்டு போ."

"நான் சீரியஸா சொல்றேன்."

"நானும் அப்பிடித்தான். இருபதோ நூறோ, அவன் முதல் பந்தைப் போடட்டும். அதைப் பார்த்தால் எனக்குக் காணும். வெல்லவும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்." இரத்தினம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். "நான் அதுக்கு ஒழுங்கு செய்துபோட்டன்."

பையில் இருந்தது நூல். அந்தக் காலத்தில் எங்களுக்கென்று பெரிய கோயில் இல்லை. வாடகைக்கு எடுத்த மண்டபம் ஒன்றில் வெள்ளிக்கிழமைப் பூசை நடக்கும். பூசை முடிந்ததும் கதிரைகளை அடுக்கி, பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும், சனிக்கிழமை அங்கே நடன வகுப்பு. முதல்நாள் இரத்தினம் அங்கே போய் ஐயரிடம் மஞ்சள் நூல் ஒன்று ஓதித் தரச் சொல்லியிருக்கிறான். பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டிருக்கிறார்.

"நட்சத்திரத்துக்கு நான் எங்க போறது? ரொங்காப் பிள்ளை, எறியிற கையில வருத்தம் எண்டு சொன்னன். ஐயர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். பிறகு, பேர் காணும், சுவாமிக்கு ஆளைத் தெரியும் எண்டார்."

ரமேஷ் சிரித்தான். அந்த நாளில் காருக்குள் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

ஹென்டர்சனிலிருந்து பென்ரோஸ் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சனிக்கிழமையானபடியால் அரைமணி நேரத்தில் வந்துவிட்டோம். மோட்டர்வேயிலிருந்து இறங்கி வரும்போது வலது பக்கம் ஒற்றைமரக் குன்று தெரியும். அப்போது உச்சியில் அந்தப் பைன் மரம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ மரம் அறுக்கும் வாளால் பாதி அறுத்துவிட்டதால் கம்பி இழுத்துக் கட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். மழைக்குள் அது மங்கலாகத் தெரிந்தது. இப்போது போகிறவர்கள் தேட வேண்டாம், பெயர்தான் மிச்சம்.

செமி அன்று காலையும் வேலைக்கு வந்திருந்தான். களஞ்சியத்து வாசலில், பை ஒன்றை இடது தோளில் போட்டுக்கொண்டு கூரைக்குக் கீழே நின்றான். இரத்தினம் காரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்று நூலை எடுத்தான். செமியும் அதைப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைக் கழற்றினான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

செமி கதைத்தது எல்லாம் இங்கிலிஷ். எனக்கு விளங்காததை ரமேஷ் சொல்வான். இங்கே தமிழிலேயே தருகிறேன்.

"இடது கையைக் காட்டு," என்றான் இரத்தினம். "எறியிற கையில கட்டினால் இடைஞ்சல்."

செமி ரமேஷைப் பார்த்தான். "வழக்கமாக எந்தக் கையில் கட்டுவீர்கள்?"

"ஆம்பளைங்களுக்கு வலது கை," என்றான் ரமேஷ். "பொம்பளைங்களுக்குத்தான் இடது. ஆனா பரவாயில்ல, உனக்கு எது வசதியோ."

"எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?"

"தானாய் அறுந்து விழும்வரைக்கும்," என்றான் இரத்தினம். "நாங்களாய் வெட்டக்கூடாது. வெட்டினால் கட்டினதுக்குப் பலன் இல்லை."

செமி கொஞ்சம் யோசித்தான். பிறகு வலது கையை நீட்டினான். "அப்படியானால் வலது கையில் கட்டுங்கள், அங்கிள். ஒழுங்காகச் செய்வோம்."

இரத்தினத்தின் கண் கலங்கிவிட்டது. எங்கள் முறையை இவ்வளவு மதிக்கிறானே என்று எனக்கும் பெருமையாயிருந்தது. இரத்தினம் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

பென்ரோஸிலிருந்து ஒனஹங்கா வழியாகப் போய், மாங்கரேப் பாலத்தைக் கடந்தால் மைதானம் பத்து கிலோமீட்டருக்குள். பாலத்தில் ஏறியதும் காற்று காரை ஒருபக்கம் தள்ளியது. செமி முன் சீட்டில் உட்கார்ந்து, இடது விரலால் நூலை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டிருந்தான். விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேலால் போனது.

"பயமாயிருக்கோ?" என்று கேட்டேன்.

"குட், அங்கிள்," என்றான்.

மைதானத்துக்குப் போனபோது மழை நின்றிருந்தது. ஆனால் புல் தண்ணீர் குடித்துக் கிடந்தது, ஒரு அடி வைத்தால் சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறும். பயிற்சி ஆட்டத்துக்கு வழமையாக இருபது பேர் வந்தால் பெரிய காரியம். அன்று வேலியோரம் முழுக்கக் குடைகள். தேவாலயத்தார் முழுப்பேரும் வந்திருந்தார்கள். கூடாரம் ஒன்றில் பை என்னும் இறைச்சிப் பணியாரமும் தேநீரும் விற்றார்கள், பை இரண்டு டொலர். வலைக்குப் பின்னால் மடிப்புக் கதிரையில் தகப்பன், மடியில் கம்பளிப் போர்வை. எங்களைக் கண்டதும் கையை உயர்த்தினார். "இன்றைக்குப் பாருங்கள்," என்றார்.

பயிற்சியாளர் உயரமான ஒரு பெண். செமியை, பந்தைப் பிடிக்கிற கேட்சரோடு ஒரு ஓரமாக அனுப்பிக் கையைச் சூடாக்கச் சொன்னாள். நாங்கள் மூவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். செமி கையைச் சுற்றவில்லை. அரை வட்டத்தில் பந்தைத் தட்டித் தட்டி விட்டான். அது கேட்சருக்கு முன்னால் குத்தி, உருண்டு போனது.

"மெதுவாத்தான் ஆரம்பிப்பாங்க," என்றான் ரமேஷ்.

"முகத்தைப் பார்."

"மொகம் எப்பவும் அப்படித்தான்."

"இல்லையடா. வாயால மூச்சு விடுறான். செமி ஒருநாளும் வாயால மூச்சு விட்டதில்லை." இரத்தினம் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான். மேல்தட்டில் இருந்த தேநீர்க் கோப்பைதான் எனக்கு நினைவில் வந்தது.

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்க வேண்டும். செமி நடுவில் போய் நின்றான். தேவாலயத்தார் பாட்டு எடுத்தார்கள். "அடியடா செமி" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அப்போதுதான் அம்பயர், நரைத்த மீசைக்காரர், கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் செமியிடம் நடந்து போனார். மணிக்கட்டைக் காட்டி ஏதோ சொன்னார். செமி மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அம்பயர் திரும்பவும் சொன்னார். செமி திரும்பவும் தலையை ஆட்டினான்.

ரமேஷின் முகம் செத்துவிட்டது. "பந்து போடுற கை மணிக்கட்டுல எதுவும் இருக்கக் கூடாதாம். பட்டை, வளையல், நூல், எதுவுமே. அடிக்கிறவன் கண்ணு அதுல போயிடுமாம். ரூலாம்."

நான்கு வருடம் ஆட்டம் பார்த்தவர்கள் நாங்கள். எத்தனை பந்துக்கு ஆள் போவான், எந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்தால் கணக்கில்லை என்று ரமேஷ் மனப்பாடமாகச் சொல்வான். இந்த விதி எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

செமியின் குரல் இப்போது உரத்துக் கேட்டது. எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலச் சொன்னான். "இது என் அங்கிள்மார் கோயிலிலிருந்து கொண்டுவந்து கட்டியது. தானாக விழும்வரை வெட்டக்கூடாது. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"அப்படியானால் நீ பந்து போட முடியாது, மகனே," என்றார் அம்பயர். கோபமில்லாமல், வருத்தத்தோடுதான் சொன்னார்.

பாட்டு நின்றுவிட்டது. வேலியோரம் இருந்த முழுக் கூட்டமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அந்த மைதானத்தில் எங்களை யாரும் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, வெட்டச் சொல்லு!" என்றான் இரத்தினம். "பலனும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். பாவம் எல்லாம் எனக்கு வரட்டும். வெட்டடா தம்பி!" தமிழில் கத்தினான். பயிற்சியாளரிடம் ஓடி முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினான். ஓடிவந்த அவசரத்தில் கத்தரிக்கோல் புல்லில் விழுந்தது. நான் எடுத்துக்கொண்டு, சேற்றுக்குள்ளால் நடந்து, மைதானத்தின் நடுவுக்குப் போனேன். எந்த வயதில் எந்த நாட்டில் வந்து எங்கே நிற்கிறேன் என்று அப்போது நினைக்கவில்லை. நூலை வெட்டிவிட்டு வந்துவிடலாம் என்று மட்டும்தான் நினைத்தேன்.

செமியின் வலது கையைப் பிடித்தேன். கை என் கைக்குள் பாரமாக விழுந்தது. நித்திரை கொள்ளும் பிள்ளையின் கைபோல ஒரு பாரம். அதைத் தூக்கிப் பிடிக்கிறவன் நான்தான், அவன் இல்லை. விரல்கள் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தன. பந்து அந்த விரல்களுக்குள் நிற்கவில்லை, நழுவி என் கால்மாட்டில் விழுந்தது. அவன் அதை எடுக்கக் குனியவும் இல்லை.

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் மடிப்புக் கதிரையைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் மெல்லச் சொன்னான்: "விடுங்கள், அங்கிள். தயவுசெய்து."

இங்கிலிஷ்தான். எனக்கு ரமேஷ் தேவைப்படவில்லை.

கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் போட்டேன். அம்பயரைப் பார்த்து, பிறகு வேலியோரம் நின்ற எல்லாரையும் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் என்னால் முடிந்த அளவு சத்தமாகச் சொன்னேன்: "நோ கட். காட் ஆங்ரி."

அப்படி ஒரு கடவுளை எனக்குத் தெரியாது. நூலை வெட்டினால் பலன் இல்லை என்றுதான் சொல்வார்கள், கோபிப்பார் என்று யாரும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

செமி தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். அடிக்கிறவனுக்குப் பதிலாக ஓடுவதற்கு வைத்திருந்த ஒரு பொடியனைப் பந்து போட நடுவில் நிறுத்தினார்கள். அவனுடைய பந்துகளை மற்றப் பக்கத்தார் வெளுத்து வாங்கினார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் திரும்பவும் மழை வந்தது, குடைகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. எங்களைக் கடந்து போன ஒருவர் ஏதோ சொன்னார். நான் என்ன என்று கேட்கவில்லை, ரமேஷும் சொல்லவில்லை.

கடைசியாகத் தகப்பன் கதிரையை மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது. "என் மகன் தயாராக இருந்தான்," என்றார். "உன்னுடைய கடவுளுக்கு என் மகனின் கையில் என்ன வேலை?"

"சொறி," என்றேன். அந்தச் சொல்லை இந்த நாட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதை யோசித்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவருக்குப் பின்னால் செமி நின்றான். தகப்பனின் கதிரையை இடது கையால் வாங்கிக்கொண்டு, அவரோடு வான் வண்டிக்குப் போனான்.

திரும்பி வரும்போது இரத்தினம் என்னோடு கதைக்கவில்லை. பாலம் தாண்டி, பென்ரோஸ் தாண்டி, நகரத்துக்குள்ளால் வந்து, சேற்றுக் கடலும் வந்துவிட்டது. இப்போது பெருக்கு, சேறு மறைந்து, தண்ணீர் வீதியோரம் வரை வந்திருந்தது. அங்கேதான் வெடித்தான்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? கத்தரிக்கோல் கையில இருக்குது. ஒரு வெட்டு. அதைச் செய்யாமல் கடவுள் கோபிப்பார் எண்டு பேய்க்கதை. உங்களாலயும் என்னாலயும் அந்தப் பிள்ளையின்ர ஒரு வருசம் போச்சுது."

செமி என்னை நம்பி விட்டதை நான் யாரிடமும் சொல்ல முடியாது.

ரமேஷ் பின்னாலிருந்து சொன்னான்: "இரத்தினம் அண்ணே, நீங்க இடது கையத்தான கேட்டீங்க?"

"ஓம். அதுக்கென்ன?"

"பத்து வருஷமா பிட்ச் பண்றவன். நமக்குத் தெரியாத ரூல் அவனுக்குமா தெரியாது?"

லிங்கன் வீதி இறக்கம் வந்தது. இரத்தினம் இறங்காமல் நேரே போய்விட்டான். அடுத்த இறக்கத்தில் காரை ஓரமாக நிறுத்தி, துடைப்பானையும் நிறுத்தினான். கண்ணாடி முழுக்க மழை. "ஒழுங்காச் செய்வோம் எண்டு சொன்னவனெல்லோ," என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு அது எப்ப விளங்கினது?" என்று கேட்டான்.

"கையைப் பிடிச்சாப் பிறகு."

அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் மூவரும் கதைத்ததில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று வாய்விட்டு முடிவு செய்யவும் இல்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பருவம் முழுக்க மைதானத்தில் எங்களுக்கு 'நூல்காரர்' என்று பெயர். பையும் தேநீரும் விற்ற பெண் எங்களுக்கு மட்டும் முகம் கொடுக்க மாட்டாள். போனோம்; தூரமாக நின்று பார்த்தோம், கத்தவில்லை. செமியின் நூல் தை மாதம்வரை விழவில்லை. அதற்குள் வேறொரு பிட்சரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்ல பிட்சர். செமிக்குத் தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. பழைய நோவு ஒன்று என்று வீட்டில் சொல்லியிருந்தான். பிறகு அவன் பந்து போடவில்லை. என் மகன் போட்டிருப்பான், அந்த ஆட்கள் விடவில்லை என்று தகப்பன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்வதற்கு அவருக்கு ஒரு இடம் இருந்தது. போன வருடம் அவர் காலமாகிவிட்டார். அதனால்தான் இதை இப்போது சொல்கிறேன்.

இனிக் கேட்டவருக்குப் பதில். வெஸ்ட்கேட்டிலிருந்து போகிறவர்கள் இப்போது பென்ரோஸ் பக்கம் சுற்ற வேண்டியதில்லை. சுரங்கப் பாதை வந்துவிட்டது, மாங்கரேக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான், சனிக்கிழமை காலையில் அரைமணி நேரம் போதும். கார் இல்லாதவர்கள் ஹென்டர்சனில் ரெயின் ஏறி, மாறி, ஒனஹங்காவில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். நேரங்கள் அடிக்கடி மாறும், புறப்படுமுன் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். கிளப் ஆட்டம் பார்க்க எங்களிடம் யாரும் காசு கேட்டதில்லை. ஒக்டோபர் முதல் மார்ச் வரை பருவம். வெயிலோடு பார்க்க வேண்டுமென்றால் ஜனவரியில் போங்கள். செப்டெம்பர் பயிற்சி ஆட்டத்துக்குப் போவதென்றால் மடிப்புக் கதிரை, குடை, மாற்றுக் காலுறை மூன்றும் கட்டாயம். நன்றாகக் கத்துங்கள், எந்தப் பாஷையிலும் கத்தலாம். பிட்சரிடம் மட்டும் கை எப்படி என்று கேட்காதீர்கள். குட் என்றுதான் சொல்வான்.

இதைச் சொல்லலாமா என்று கேட்கச் செமிக்குப் போன் எடுத்தேன். ஐம்பது தாண்டிவிட்டது அவனுக்கும். சொல்லுங்கள் என்றான். "நீங்கள் கத்தரிக்கோலோடு வந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது, அங்கிள். வெட்டியிருந்தால் நான் எறிந்திருப்பேன்."

"எத்தனை பந்து எறிந்திருப்பாய்?" என்று கேட்டேன்.

"ஒன்று," என்றான்.